ஆறாவது செவ்வாயின் தண்ணீர்

எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையின் ஸ்டோரில் கண்ணாடிச் சாமான்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னல், அதே ரெஜிஸ்டர். கையெழுத்துப் போடும் நேரத்தில்கூட ஓரிடத்தில் நிற்காத பெண்ணை இந்தக் கோடை விடுமுறையில்தான் பார்த்தேன். பெயர் அம்மு. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து வருகிறவள், வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்தவள். “ஃப்ளோரன்ஸ் அக்கா” என்று ஜன்னலில் கை வைப்பாள். வலது காலையும் இடது காலையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருப்பாள். பார்க்கிற எனக்குக் கால் வலிக்கும்.

விடுமுறைதோறும் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு எட்டு வாரம் ஆய்வு செய்யும் வாய்ப்பை எங்கள் துறை தருகிறது. இந்த முறை மூன்று பேர் வந்தார்கள். முடிவில் ஒருவரை மட்டும் வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தனி மேசை, உதவித்தொகை, அச்சில் வரும் கட்டுரையில் பெயர். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் ஒரு டீயும். அம்முவுக்கு அந்த மேசை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், வந்த முதல் வாரமே யாரும் இல்லாதபோது தன் டிபன் டப்பாவை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்தோறும் காலையில் ஆற்றின் நடுவிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து, அதில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. பழக்கிவிட்டவள் ஆராய்ச்சி மாணவி ஃபரா. அப்பா டில்லிபாபுவின் ஃபைபர் படகில் போய் பாட்டிலை நிரப்பி வருவாள் அம்மு. அந்த நேரத்தில் கரையோரமாக அவள் அம்மா கெங்கம்மா மற்ற பெண்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பாளாம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், இறாலைப் போடும் பறி என்ற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அதை எனக்குச் செய்தே காட்டினாள், என் கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டு. கலீஜ் பண்ணாதே என்று பிடுங்கி வைத்தேன்.

ஐந்து செவ்வாய் ஒழுங்காகப் போயிற்று. ஆறாவது செவ்வாய் விடியும்போது குப்பத்தில் ஒரு சாவு. சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை அந்தக் குப்பத்தில் ஒரு படகும் இறங்காது, பெண்களும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். அப்பாவிடம் படகு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஃபராவுக்குப் போன் போட்டு இன்று முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு வாரமும் விடாமல் எடுக்க வேண்டும் என்று விதிமுறைத் தாளில் போட்டிருந்தது. சாவுக்காகப் படகு இறக்காத ஊரா என்று இங்கே சிரிப்பார்களோ என்று வேறு பயம். யார் கண்ணிலும் படாமல், கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பாட்டிலை நிரப்பிக்கொண்டாள். நோட்டில் ‘நடு ஆறு, படகிலிருந்து’ என்று எழுதினாள்.

ஈயத்துக்குக் கருவி காட்டிய எண் மற்ற வாரங்களைப் போல் நாலு மடங்கு. ஃபரா நம்பாமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் அதேதான். பேராசிரியர் பாரி ஆய்வுக்கூடத்துக்கே இறங்கி வந்துவிட்டார். ஒருமுறை இங்கே தீப்பிடித்தபோது வந்தார், அதற்கப்புறம் இப்போதுதான். கடைசி நாள் மாட்டப்போகும் சுவரொட்டியில் அந்த எண்ணைப் பெரிதாகப் போடச் சொன்னார். மேசை உனக்குத்தான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டியவள் அன்றிலிருந்து பேஜாராகிவிட்டாள். வடிதாள் வேண்டும் என்று வருவாள், வாங்காமலே திரும்பிப் போவாள். பத்து நிமிஷத்தில் மறுபடி வந்து நிற்பாள். மூன்றாம் நாள் நான் பொறுக்க மாட்டாமல் உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். ராயபுரத்து மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் முட்டி போடுகிறவள் சொன்ன புத்தி அது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு அந்த மேசை கிடைக்கட்டுமே என்ற ஆசைதான். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அடுத்த இரண்டு செவ்வாயும் அவள் நடு ஆற்றில்தான் எடுத்தாள். எண் பழையபடி இறங்கிவிட்டது. அதனாலேயே பாரி சாருக்குச் சந்தேகம் கிளம்பியது. சுவரொட்டி மாட்டுவதற்கு முந்தின நாள் காலையில், அவளையும் ஃபராவையும் ஸ்டோர் வாசலில் நிறுத்திக் கேட்டார். அன்று மட்டும் ஆற்றில் என்ன நடந்தது? யாராவது கழிவைத் திறந்துவிட்டார்களா? படகிலிருந்து என்ன பார்த்தாய்? பதில் சொல்ல இன்னொரு பொய் வேண்டும். அம்முவின் கால்கள் மாறி மாறி ஊன்றின. ஜன்னலுக்குள்ளிருந்து நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் அன்னிக்குப் படகுல போவல சார். எங்க குப்பத்துல சாவு, யாரும் படகு எறக்க மாட்டாங்க. நோட்டுல பொய் எழுதிட்டேன்.”

ஃபரா தலையைக் குனிந்துகொண்டாள். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இன்று படகு இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே, அதை யார் தப்புச் சொல்லப் போகிறார்கள் என்றார். பொய் எழுதின நோட்டை வைத்துக்கொண்டு மேசை தர முடியாது, அது தீனாவுக்குப் போகும் என்றார். தீனா மற்ற இரண்டு பேரில் ஒருவன். அம்மு தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

போகத் திரும்பியவர் நின்றார்.

“அப்போ அந்தத் தண்ணி எங்கே எடுத்தது?”

“கரையில சார். எங்கம்மா எறால் தடவுற எடத்துல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு வாரமாக அந்த எண்ணையே பொய் என்று நினைத்துப் புழுங்கியிருந்தாள், நானும் அப்படித்தான். எண்ணில் பொய் இல்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்த எண் அது. பக்கத்தில் எழுதின இடம்தான் பொய்.

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது. மறுமுனையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைத்துணியில் செருகியிருக்கும் கெங்கம்மாவின் போன். முதலில் தண்ணீர்ச் சத்தம், பிறகு புரியாத ஒரு முனகல். பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அவள் குரல் தெளிந்தது.

“ம்மா, தண்ணிய வுட்டு மேல ஏறு. இப்பவே ஏறும்மா.”

“இன்னாத்துக்குடி? இன்னிக்குத்தான் நல்லா ஆப்புடுது. பறி ரொம்பட்டும், வரேன்.”

மறுபடி கவ்விக்கொண்டாள் போலிருக்கிறது, அதற்குமேல் சொன்னது புரியவில்லை. அம்மு போனைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு காலும் ஒரே இடத்தில் ஊன்றியிருந்தன.