இரும்பு வயலிலிருந்து இருநூறு மீற்றர்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. பில்லுண்ட் விமான நிலையம். மே மாதத்து வெயிலை நம்பி வெளியே வந்தேன்; காற்று காதைப் பிடித்துத் திருகியது. ஒரு கோப்பி 39 குரோணர். இலங்கைக் காசில் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை அந்தக் கோப்பியோடு விட்டுவிட்டேன். என் தங்கை சுகந்தியின் கணவர் யோகன் காருடன் வந்திருந்தார். பயணம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. "மச்சான், அளக்கிற சாமான் கொண்டுவந்தனீங்களோ?" என்றார். நான் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளன். முப்பது வருடமாக மற்றவர்களின் காணியை அளந்து சாப்பிடுகிறவன். இரண்டு வாரம் தங்கை வீட்டில் கைகால் நீட்டிக் கிடக்கலாம் என்று வந்தவனிடம் ஒரு நாடாகூட இல்லை.

பில்லுண்டிலிருந்து கிரின்ஸ்டெட் பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். அதற்கும் அப்பால் பதினொரு கிலோமீற்றரில் சுகந்தியின் ஊர். வழியெல்லாம் பாரந்தூக்கிகளும் புது மின்கோபுரங்களும் கூரை வேயாத இரும்புக் கொட்டகைகளும். எதிரே வந்த லொறிகளை எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். யோகன் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறார். மூன்று வருடத்துக்குள் அந்தத் தொழிற்சாலை இரண்டு மடங்காகிவிட்டதாம். இரவு வேலையும் சனிக்கிழமை வேலையும் கேட்காமலே கிடைக்கின்றன. நாடு முழுக்க இப்படித்தான், எல்லோருக்கும் கரண்ட் வேண்டும் என்றார். சொல்லும்போது அவர் குரலில் பெருமை பாதி இருந்தது. மறுபாதி என்னவென்று ஊருக்குள் திரும்பியபோது விளங்கியது.

மாலை 4.15. ஊர் என்றால் ஒன்பது வீடுகள். மூன்று பக்கமும் முன்பு பார்லி விளைந்த நிலம். இப்போது இடுப்பளவு உயரத்தில் இரும்புத் தூண்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடிவானம் வரை. வடக்குப் பக்கம் சூரியத் தகடுகளும் ஏற்றியாகிவிட்டது. தெற்கில் தூண்கள் மட்டும். இந்த நாட்டுக்காரர்கள் இதற்கு இரும்பு வயல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்பதில் ஐந்து வீடுகளை இந்தத் தகடுகளை நிறுவும் நிறுவனம் வாங்கிவிட்டது. அவற்றில் திரைச்சீலைகூட இல்லை. எந்தச் சத்தமும் கேட்காத அந்தத் தெருவில் என் பெட்டியின் சில்லுச் சத்தம் எனக்கே வெட்கமாயிருந்தது.

புதன்கிழமை, காலை 9. சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. பக்கத்து வீட்டு கிர்ஸ்டனிடம் கூட்டிப் போனாள். அறுபதைத் தாண்டிய பெண். சாப்பாட்டு மேசை நிறைய அட்டைப் பெட்டிகள். வீட்டை நிறுவனத்துக்கு விற்க அவர் கையெழுத்து வைத்துவிட்டார். ஓல்போர்க்கில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடு பார்த்திருக்கிறாராம். தகடுகளின் முதல் வரிசையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு இருந்தால், அதை வாங்கிக்கொள்ளும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். அதற்கு வெளியே என்றால் உங்கள் பாடு. தங்கைக்கு வந்த கடிதத்தில் 204 மீற்றர் என்று போட்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் யோகன் சொன்ன வாதம் இதுதான். நிறுவனம் பழைய வரைபடத்தைப் பார்த்து அளந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு கொம்யூனிடம், அதாவது உள்ளூராட்சிச் சபையிடம், அனுமதி எடுத்து, தெற்குச் சுவரோடு சேர்த்து ஒரு சாமியறை கட்டினார்கள். அது அந்த வரைபடத்தில் இல்லை. சாமியறையிலிருந்து அளந்தால் கணக்கு மாறலாம். மனுக் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

"எல்லாரும் போனாப் பிறகு ஆர் மச்சான் இந்த வீட்டை வாங்கப்போறான்?" என்றார் யோகன். "நானும் சுகந்தியும் கடைசி வெளிச்சமா இதுக்குள்ள கிடக்கிறதே?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். காணி அளக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு மனிதர்களை அளக்கத் தெரியாது.

சனிக்கிழமை, காலை 10.30. கிரின்ஸ்டெட் கடையில் 249 குரோணருக்கு ஐம்பது மீற்றர் நாடா ஒன்று வாங்கினோம். தெற்கு வேலி இன்னும் அடைக்கப்படவில்லை, வேலையாட்களும் இல்லை. சாமியறைச் சுவரில் நாடாவின் தொடக்கத்தைச் சுகந்தி பிடித்தாள். யோகன் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் முளை அடித்தார். நான் நடுவில் தொய்வு பார்த்துக்கொண்டு நடந்தேன். அடுத்த ஐம்பதுகளை நானும் யோகனுமே இழுத்தோம். நான்கு தடவை இழுத்து, மிச்சத்தையும் சேர்த்து முதல் தூணைத் தொட்டபோது 200.3.

யோகன் அப்படியே புல்லில் குந்திவிட்டார். எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் ஒரு தடவை அளந்து எழுதுகிற பழக்கம் என்னிடம் இல்லை. தூணிலிருந்து வீட்டை நோக்கித் திருப்பி அளந்தோம். கடைசி இழுப்பில் யோகன் முளையருகே நின்று பிடிக்க, நான் சுவருக்கு வந்தேன். மொத்தம் 199.3.

நாடா தொய்யலாம், முளை சரியலாம், அரைச் சாண் பிழைக்கலாம். சரியாக ஒரு மீற்றர் காணாமல் போகாது. தங்கையின் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவை நாடாவின் முதல் மீற்றரை அவள் கைக்குள் சுருட்டிப் பிடித்திருக்கிறாள்; அதனால்தான் அளவு ஒரு மீற்றர் கூடிக் காட்டியிருக்கிறது.

யோகன் நாடாவைச் சுற்றிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் வந்து சேருமுன் கதைக்க எங்களுக்கு இருந்தது அந்த ஐம்பது மீற்றர்தான்.

"ஏன் சுகந்தி?" என்றேன்.

"ஊரில மூண்டு தரம் பெட்டி கட்டினனான். இஞ்ச வந்து முகாமில ரெண்டு தரம். இனி ஏலாது அண்ணை. இருநூறுக்கு மேல எண்டே சொல்லுங்கோ."

"கிர்ஸ்டனும் போயிட்டா நீ பயப்பிட மாட்டியே?"

"பயம்தான். ஆனா இது எனக்குப் பழகின பயம். புது ஊரில புதுசாப் பயப்பிட என்னால ஏலாது."

பொய் அளவு எழுத எனக்கு வராது என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். கோபம் அவள் மேலா, அந்த நாடாவின் மேலா, நேர்மையாயிருந்து பழகிப்போன என் மேலா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

"நீங்கள் அளந்துபோட்டுப் போயிடுவியள்," என்றாள்.

யோகன் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "எத்தினை மச்சான்?"

நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று என்றேன். முதல் அளவில் நாடா சரியாகப் பிடிபடவில்லை, பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அந்த ஒரு பொய்யை மட்டும் தங்கைக்காகச் சொன்னேன். யோகன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சுகந்தி உள்ளே போய் உலை வைத்தாள்.

திங்கட்கிழமை மனுவில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். அவள் பேனாவை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு கதைத்தாள், தேநீர் தந்தாள், குளிருக்குத் தன் கம்பளிச் சால்வையையும் தந்தாள். ஆனால் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

அதற்கடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை, காலை 6.20. பில்லுண்ட். எங்கள் ஊரில் இராணுவம் விட்டுப்போன காணிகளை அளக்கப் போகும்போது, என் நாடா தங்கள் வேலிக்குள் விழ வேண்டும் என்று சனம் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். அளந்து முடிந்ததும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சரியான அளவு யாருக்கும் கேடு செய்யாது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். இந்த நாட்டில் ஒருவரும் துவக்குக் காட்டி யாரையும் எழுப்பவில்லை. கடிதம் போடுகிறார்கள், விலை கொடுக்கிறார்கள், சட்டப்படி கேட்கிறார்கள். கரண்டும் எல்லோருக்கும் தேவைதான். என் தங்கை ஆறாவது தடவை பெட்டி கட்டப் போகிறாள், இந்த முறை அளந்து கொடுத்தவன் நான்.

பயணிகள் உள்ளே போகும் வாசலில் சுகந்தி என் கையைப் பிடித்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த முறை வாறதெண்டா முதல் கேட்டுப்போட்டு வாங்கோ அண்ணை. நாங்கள் எங்க இருப்பமெண்டு எனக்குத் தெரியாது."

சரி என்றேன்.