கட்டைவிரலை ஆட்டிய பிணம்

ஆம்பூரில் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயத்தையே தொழிலாக்கி, அதை ஜப்பான்காரனுக்கு விற்றுவிட்டு வந்தவன் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். தோல் பதனிடும் டேனரியில் எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்த காசி.

ஆள் ஆறடிக்கு மேல். முதுகைப் பார்த்தால் பீமன். முகத்தைப் பார்த்தால், பூனையிடம் மாட்டிக்கொண்ட எலிக்கு அண்ணன். ஆம்பூரில் இடி இடித்தால் வாணியம்பாடிக்காரனுக்கு இடிச்சத்தம் கேட்காது, காசியின் அலறல்தான் கேட்கும்.

ஈரத்தோலைப் பெரிய கண்ணாடிப் பலகையில் ஒட்டிக் காயவைப்பது எங்கள் வேலை. ஒட்டுமுன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அங்கேதான் காசி கெட்டான். துடைக்கும்போது தன் முகம் தெரியும். உடனே நடிக்க ஆரம்பித்துவிடுவான். கோபப்படுவான், அழுவான், காதலிப்பான். கண்ணாடி தேய்ந்து காகிதமாகும் வரை துடைப்பான்.

மேனேஜர் சர்தார் பாஷா பின்னால் வந்து நிற்பார்.

"அரே காசி! தோலை ஒட்டச் சொன்னா மூஞ்சிய ஒட்டிக்கினு கீறியே! உன் மூஞ்ச எவன் வாங்குவான்?"

சொந்த ஊரான கணியம்பாடியில் திருவிழாக் கூத்தில் அவனுக்கும் ஒரு வேஷம் உண்டு. பிணம். வசனம் இல்லாததால் மறந்துபோகும் பயமும் இல்லை. ஆனால் அந்தக் கூத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிணமாகப் படுப்பவன் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாமல் கிடந்தால், அந்தப் பக்கமாகப் போகிற எமன் நிஜப் பிணம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். காசி ஒரு விரலை ஆட்டச் சொன்னால் இரண்டு காலையும் ஆட்டுவான். எமனுக்குக் கண்பார்வை மங்கல் என்றால் என்ன செய்வது?

எழுபத்தெட்டில் முதலாளி மக்பூல் அகமது எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஜப்பானில் ஹிமெஜி என்ற ஊரில் அவரிடம் ஆட்டுத்தோல் வாங்கும் டேனரி இருந்தது. நம் தோலில் பழகிய ஆள் ஒருத்தன் அங்கே வந்து இருக்க வேண்டுமாம்.

"யார் போறீங்க?"

எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். பின்னால் போகக்கூடப் பயந்து அப்படியே நின்றவன் காசி.

"ஷாபாஷ்! தைரியசாலி!" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

வீட்டில் பூகம்பம். காசியின் மனைவி தேவகி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். மாமியார் தனபாக்கியம் டேனரி கேட்டுக்கே வந்துவிட்டார். தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது புருஷன்காரன் மூன்று காரியம் செய்யக்கூடாது. கடல் தாண்டக்கூடாது, சவரம் பண்ணக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு ஆகாது.

சர்தார் பாஷாதான் வழி சொன்னார். "ஏரோபிளேன்ல போறவன் கடலை எங்கம்மா தாண்டறான்? மேகத்தைத்தானே தாண்டறான்!"

தனபாக்கியம் அரைமனதாக இறங்கிவந்தார். "சரி மாப்ளே. மிச்சம் ரெண்டையாவது காப்பாத்து. எம்பொண்ணு வயித்த நெனச்சிக்கோ."

காசி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். கை சுட்டதற்கு அவன் அலறிய அலறலில் சத்தியம் பாதிதான் காதில் விழுந்தது.

ஹிமெஜியில் சவரம் செய்யாமல் தாடி வளர்ந்தது. வளர்ந்தது என்றால் சாதாரணமாக இல்லை. காசிக்கு முன்னால் தாடி தெருவுக்குள் நுழைந்தது. அந்த ஊரில் மலைமேல் வெள்ளைக் கொக்கு மாதிரி ஒரு கோட்டை உண்டு. லீவு நாளில் காசி வேடிக்கை பார்க்கப் போனபோது அங்கே வாள் சண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்த ஆட்கள் வாளை உருவியதும் காசி தாடியோடு கத்தியபடி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டான்.

அதைப் பார்த்தவர் மொரிதா. படங்களுக்கு வெளிநாட்டு ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட். குள்ளமாக, எப்போதும் வியர்த்துக்கொண்டு, கையில் விசிறியோடு இருப்பார். "இந்தத் தாடி எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். தேவகியின் வயிற்றிலிருந்து கிடைத்தது என்று சொல்லக் காசிக்கு அந்த ஊர்ப் பாஷை அவ்வளவு தெரியாது.

ஹிமெஜி டேனரி முதலாளி சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தார். சுமை தூக்குகிறவன், கப்பல் கயிறு இழுக்கிறவன், தூரத்தில் போகிற முதுகு என்று காசி நடிக்க ஆரம்பித்தான். கண்ணாடிப் பலகையில் அழுத அழுகையெல்லாம் பலித்தது என்று நினைத்துப் பூரித்துப் போனான்.

அப்புறம் மொரிதா பெரிய செய்தி கொண்டுவந்தார். கியோட்டோவில் எடுக்கும் டி.வி. தொடரில் பெயருள்ள வேஷம். கரை ஒதுங்கிய வெளிநாட்டு மாலுமி. தாடி அப்படியே இருக்கலாம். வசனமும் உண்டு. விஷம் குடித்துவிட்டு "மிஸு" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் என்று அர்த்தம்.

"அப்புறம்?" என்றான் காசி.

"அப்புறம் செத்துவிடுவாய். பிணமாகப் படுத்திருப்பாய். டைரக்டர் கண்டிப்பானவர். இதை ஒழுங்காகச் செய்தால் வருஷம் முழுக்க வேலை. சொதப்பினால் உன்னை எந்த ஸ்டுடியோ வாசலுக்கும் நான் கூட்டிப்போக முடியாது."

காசிக்குக் கற்பூரம் சுட்ட கை ஞாபகம் வந்தது. பிணம் தூக்கவே கூடாது என்று சத்தியம். இங்கே பிணமாகவே படுக்கச் சொல்கிறார்கள். படுத்தால் பிள்ளைக்கு ஆகாது. படுக்காவிட்டால் ஆயுசுக்கும் கண்ணாடிப் பலகையில் மட்டும்தான் நடிப்பு.

டிரங்க் கால் போட்டான். ஆம்பூர் டேனரி ஆபீசுக்குத்தான் லைன். தேவகியும் தனபாக்கியமும் வரவழைக்கப்பட்டார்கள். நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலில் தொங்கினோம். அந்தக் காலத்து டிரங்க் காலில் கத்துகிற கத்தலுக்குப் போன் இல்லாமலே ஜப்பானுக்குக் கேட்டிருக்கும்.

"ஒடம்பு எப்டி கீது தேவகி?"

"எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன். நீ சாப்ட்டியா?"

"எனக்குப் பெரிய வேஷம் குடுத்துக்கிறாங்க!"

"இன்னா வேஷம், ராஜாவா?"

லைன் கரகர என்று கடல் மாதிரி இரைந்தது.

"பொணம்," என்றான் காசி.

தனபாக்கியம் போனைப் பிடுங்கினார். "இன்னா மாப்ளே பேசறே? புள்ளத்தாச்சி புருசன் பாடைய தூக்கவே கூடாதுன்றேன், நீ பாடையில ஏறிப் படுக்கறேன்றியே! அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணிச்சி?"

தேவகி போனைத் திரும்ப வாங்கினாள். கை வயிற்றின்மேல் இருந்தது. "இங்க பாரு, நான் சொல்றத கேளு..." என்றாள். அதோடு லைன் அறுந்துபோயிற்று. என்ன சொல்ல வந்தாள், படு என்றா, படுக்காதே என்றா? காசிக்குத் தெரியவில்லை. மறுபடி லைன் கிடைக்கவே இல்லை.

படப்பிடிப்பு அன்று காசி சாப்பிடவில்லை. 'மிஸு' வசனம் பிரமாதமாக வந்தது. நிஜமாகவே தொண்டை வறண்டிருந்தது. அப்புறம் பிணக் காட்சி. பாயில் மெத்தை விரித்தார்கள். தலைமாட்டில் சோற்றுக் கிண்ணம் வைத்து, நடுவில் சாப்பிடும் குச்சிகளைக் குத்தி நிறுத்தினார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். காசியின் மார்பின்மேல் ஒரு கத்தியை வைத்தார்கள்.

"தலை எந்தப் பக்கம்?" என்று மொரிதாவிடம் மெல்லக் கேட்டான்.

"வடக்கு," என்றார் மொரிதா பெருமையாக. "செத்தவருக்கு வடக்கேதான் தலை வைப்போம். டைரக்டர் எல்லாம் அச்சு அசலாகச் செய்வார்."

நம் ஊரில் உயிரோடு இருப்பவன் வடக்கே தலை வைத்துப் படுத்தாலே அம்மாக்கள் அடித்து எழுப்புவார்கள். அச்சு அசலாக இருந்தால் எமன் ஏமாந்துவிடுவானே! ஆம்பூர்க்காரனை ஜப்பான் எமனுக்கு அடையாளமும் தெரியாது. ஒரே வழிதான் மிச்சம். கட்டைவிரல்.

காசி உயரத்துக்கு அந்த ஊர் மெத்தை பத்தவில்லை. இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதாநாயகி உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். காமிரா மெதுவாகத் தலையிலிருந்து கால்வரை வந்தது. கட்டைவிரல் ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"கட்!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி ஆடியது. கதாநாயகிக்கு அழுகை வற்றியது. டைரக்டர் கையிலிருந்த காகிதத்தைத் தரையில் அடித்தார். மொரிதா விசிறியைக் கடித்துக்கொண்டு, "காசி-சான், விரல்! விரல்!" என்று கெஞ்சினார். காசி கண்ணை இறுக மூடிக்கொண்டான். உள்ளுக்குள் தேவகியின் வயிறுதான் தெரிந்தது. விரலை நிறுத்த அவனாலேயே முடியவில்லை.

கடைசியில் டைரக்டர் உதவியாளரிடம் ஏதோ சொன்னார். உதவியாளர் வெள்ளை நூல் கொண்டுவந்தார். குனிந்து, காசியின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து இறுக்கிக் கட்டினார்.

அந்த மனிதருக்கு என்ன தெரியும், பாவம். விரல் ஆடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் உயிர் போனதும் முதலில் செய்வதே அதுதானே? கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் அவன் காசி இல்லை, பிணம்.

"ஐயோ, நான் சாவல! நான் சாவல!" சுத்தமான தமிழில் ஒரு அலறல். பிணம் எழுந்து நின்றது. மார்பிலிருந்த கத்தி பறந்தது. சோற்றுக் கிண்ணம் உருண்டது. கதாநாயகி பின்புறமாக விழுந்தாள். கால் கட்டியிருந்ததால் பிணத்தால் ஓட முடியவில்லை. சாக்குப் பந்தயத்தில் தத்துவது மாதிரி காசி தத்திக்கொண்டே கதவைத் தாண்டினான். வெளியே திண்பண்டம் தின்றுகொண்டிருந்த வாள் வீரர்கள், தாடி வைத்த பிணம் தத்தி வருவதைப் பார்த்து வாளை மறந்து தெறித்து ஓடினார்கள். எங்கேயோ நூல் அறுந்தது. அப்புறம் காசியைக் குதிரைகூடப் பிடித்திருக்காது.

சாமான் அறையில் ஒரு பல்லக்குக்குள் அவனை மொரிதா கண்டுபிடித்தபோது பல்லக்கே நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே டைரக்டர் நின்றார். கொல்லத்தான் வந்திருக்கிறார் என்று காசி முடிவு செய்துவிட்டான்.

"ஏன் ஓடினாய்?"

தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னான். "மனைவி. வயிறு. குழந்தை. நான் பிணம், கூடாது."

டைரக்டர் அவன் காலில் தொங்கிய நூலைப் பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட்டார். உடை தைக்கும் அம்மாள் ஒரு கை உப்பைக் கொண்டுவந்து காசியின் தோளில் தூவினார். உப்பு என்றதும் காசிக்குப் பாதி உயிர் வந்தது. அவர்களுக்கும் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது. மிளகாயும் கிடைக்குமா என்று கேட்டான். அது கிடைக்கவில்லை.

வேலை போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் காமிராக்காரர் நிறுத்தாமல் எடுத்திருந்தார். அதைப் போட்டுப் பார்த்த டைரக்டர், இப்படிப்பட்ட பயத்தை எந்த நடிகன் முகத்திலும் பார்த்ததில்லை என்றாராம். கதையை மாற்றினார்கள். மாலுமி சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தான். தத்தி ஓடியது அப்படியே டி.வி.யில் வந்தது.

காசிக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. படுத்தது படுத்ததுதானே. நூல் கட்டியது கட்டியதுதானே. பிள்ளை பிறக்கும் வரை அவன் தூங்கவில்லை. ஹிமெஜிக்குத் தந்தி வந்தபோது அதைத் தொடவே பயந்து மொரிதாவிடம் நீட்டினான். ஆம்பூரில் தந்தி என்றால் சாவுச் செய்திதான். மொரிதாவுக்கு இங்கிலீஷ் வராது. அவரும் பயந்துபோய் டேனரி முதலாளியிடம் ஓடினார். அவர்தான் வாசித்தார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். காசி அங்கேயே தோல் குவியல்மேல் உட்கார்ந்து அழுதான். கண்ணாடியில் பழகிய அழுகை எதுவும் அந்த மாதிரி இல்லை.

அதற்கப்புறம் காசிக்கு அங்கே பயப்படுவதுதான் உத்தியோகம். ஜப்பானில் பேய்க்கு சீசன் கோடைகாலம். பேய்க்கதைத் தொடரில் பேயைப் பார்த்து ஓடும் வெளிநாட்டுக்காரன் யார் என்றால் நம்ம காசி. ஓடாத தெரு இல்லை, அலறாத கிணறு இல்லை. நடுவில் ஒருமுறை லீவில் வந்து பிள்ளைக்குச் செண்பகம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். ஆனால் வருஷக்கணக்காகப் பேயோடு உட்கார்ந்து டீ குடித்தால் பேயிடம் என்ன பயம் இருக்கும்? ஒரு கோடையில் டைரக்டர், "இப்போது நீ நடிக்கிறாய்," என்று வருத்தமாகச் சொன்னார். பயம் தீர்ந்தது, பிழைப்பும் தீர்ந்தது. எண்பத்தாறில் ஊருக்குத் திரும்பினான்.

வரும்போது அந்தத் தத்தல் ஓட்டத்தை வீடியோ கேசட்டில் கொண்டுவந்தான். முதலாளி வீட்டு டெக்கில் போட்டோம். தெருவே திரண்டது. ஜப்பான் கேசட் நம் டெக்குக்கு ஒத்துவரவில்லை. படம் கோடு கோடாக உருண்டது. உருண்டையாக ஒரு தாடியும், துண்டு துண்டாக இரண்டு காலும்தான் தெரிந்தன.

"இன்னாடா இது, தாடிக்குக் கால் மொளச்ச மாதிரி கீது!" என்றேன். கூட்டம் சிரித்தது.

காசிக்கு ரோஷம் வந்துவிட்டது. "டேய், இருங்கடா. நானே காட்றேன்!" எங்கிருந்தோ வெள்ளை நூல் எடுத்து, வாசலில் உட்கார்ந்து, தன் கட்டைவிரல் இரண்டையும் தானே கட்டிக்கொண்டான். எழுந்து தத்தத் தயாரானான். செண்பகம் கைதட்டிக் குதித்தாள்.

தேவகி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து நூலைப் பிய்க்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

"வெளாட்டுக்குக்கூட வோணாம்யா," என்றாள். "அன்னிக்கு போன்லயும் இதத்தான் சொல்ல வந்தேன். புள்ள எப்டியோ போவுது, நீ படுக்காதய்யான்னு."

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானும்தான். அவள் முகத்தில் இருந்த பயத்தை மட்டும் அந்த டைரக்டர் அன்றைக்குப் பார்த்திருந்தால், காசியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவளைத்தான் வேலைக்கு எடுத்திருப்பார்.