இடது சுண்டுவிரல்

ஸ்கேன் சென்டரில் அவளைக் கமா அக்கா என்பார்கள். டாக்டர் மூச்சுவிடாமல் சொல்லிப் பதிவு செய்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, வேண்டிய இடத்தில் கமா போட்டு, ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பவள். பத்தொன்பது வருடங்களாக அதே நாற்காலி. குஷன் மட்டும் இரண்டு முறை மாறியது. காலை ஏழிலிருந்து இரண்டு வரை அவள். இரண்டிலிருந்து ஒன்பது வரை அதே கணினியில் அவளுடைய நாத்தனார். வேலையில் சேர்த்துவிட்டது இவள்தான். அதைச் சொல்லிக் காட்டியதில்லை, நாத்தனாரும் மறந்ததில்லை.

நாற்பத்தெட்டாவது வயதில் இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. நரம்பு டாக்டர் குண்டூசியால் குத்திப் பார்த்தார். "ஒரு மாசம் பார்ப்போம். உணர்ச்சி கொஞ்சமும் திரும்பலைன்னா டைப்பிங்கை விட்டுடுங்க" என்றார். வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

காரணம் அவளுக்கே தெரிந்திருந்தது. அந்த லினக்ஸ் கணினியில் ரிப்போர்ட் அடிக்கும் எடிட்டரில் எதற்கெடுத்தாலும் கன்ட்ரோல் கீ. சேமிக்க, தேட, வரியை வெட்ட, ஒரு சொல்லைத் தாண்ட. அதுவோ கீபோர்டின் கீழ் மூலையில் கிடந்தது. சுண்டுவிரல் நாளுக்கு ஆயிரம் முறையாவது அங்கே வளைந்து இறங்கி ஏறியது. விரல் சும்மா இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குவதைத் தவிர எதற்கும் உதவாத கேப்ஸ் லாக் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"ரெண்டையும் இடம் மாத்திடலாம்க்கா, நாலு வரி ஃபைல்தான்" என்றான் சென்டரின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரன். தினமும் காலை ஏழு மணிக்குத் தானாக மாறும்படி செய்தான். முதல் நாள் மதியமே நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சேவ் பண்ணப் போனா எல்லாம் பெரிய எழுத்தா வருது. டாக்டர் பேஷன்ட்டைத் திட்டுற மாதிரி இருக்கு."

சிஸ்டம்காரன் நாத்தனாருக்காகத் திரையில் ஒரு ஐகான் வைத்துக் கொடுத்தான். பெயர் 'பழையபடி'. மதியம் வந்து உட்கார்ந்ததும் ஒருமுறை அமுக்கினால் போதும்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. விரலில் எரிச்சல் குறைந்தது. எட்டாம் நாள் காலை, சேமிக்கப் போனவளுக்குப் பெரிய எழுத்து வந்தது. கன்ட்ரோல் மறுபடியும் மூலைக்கே போயிருந்தது. மறுநாளும் அப்படியே. நாத்தனார் சொல்லி எடுக்கவைத்துவிட்டாள் என்று அவள் முடிவு செய்தாள். கேட்டால் வீட்டில் பேச்சு வளரும். பல்லைக் கடித்துக்கொண்டு மூலைக்கே விரலை அனுப்பினாள்.

பத்து நாள் அப்படிப் போனது. ஒரு மதியம், கைப்பையின் ஜிப்பை இழுக்க முடியாமல் அவள் நிற்பதை நாத்தனார் பார்த்தாள்.

"என்ன அண்ணி, மாத்தினது ஒத்துக்கலையா?"

"மாத்தினதைத்தான் நீ எடுத்துட்டியே."

"நான் எடுத்தேனா? மதியம் நான் வரப்பவே பழையபடிதானே இருக்கு, எனக்காக நீங்களே அமுக்கி வெச்சிட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். எடுத்த சாமானை எடுத்த இடத்துல வெக்கணும்னு, கிளம்பறப்ப அந்த ஐகானை அமுக்கி உங்களுக்குத் திரும்ப மாத்திட்டுத்தானே போறேன், பத்து நாளா!"

சிஸ்டம்காரனுக்குப் போன் போட்டார்கள். "ஐயோ, போச்சு. அவங்க மாத்தி வெச்சதை, காலைல ஏழு மணிக்கு மெஷின் மறுபடி மாத்தியிருக்கும்க்கா. ரெண்டு தடவை மாத்தினா புறப்பட்ட இடம்தான்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்ன மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் மீதி.

"ஐகானும் வேணாம், ஏழு மணியும் வேணாம். ஒரேயடியா மாத்தச் சொல்லுங்க. நானும் பழகிக்கறேன்" என்றாள் நாத்தனார்.

"உனக்குத்தான் விரல் நல்லாயிருக்கே."

"இப்ப நல்லாயிருக்கு. நானும் அதே கீபோர்டுலதானே அடிக்கிறேன்?"

நாலைந்து நாள் மதிய ரிப்போர்ட்டுகளில் ஆங்காங்கே பெரிய எழுத்துகள் தலைகாட்டின. பிறகு நின்றன.

மாத முடிவில், எதைக் கேட்டாலும் தெரிகிறது என்று சொல்லிவிடுவதென்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இன்னும் நான் குத்தவே இல்லையே."

அதற்குப் பிறகு எதுவும் கேட்காமல் அவர் குத்திக்கொண்டே வந்தார். விரலின் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் கை தானாக விலுக்கென்று பின்வாங்கியது.

"இது போதும். டைப் அடிங்க. அடுத்த மாசம் வாங்க."

வெளிப்பக்கம் முழுவதும் மூன்று மாதத்தில் உணர்ச்சி திரும்பியது. நுனி இன்றுவரை மரத்தேதான் இருக்கிறது. அடிப்பதற்கு அது தேவைப்படவில்லை.