ரவை டப்பா

கைலாசத்திடம் பேச்சுக் கொடுத்தால் புதுச்சத்திரம் டீக்கடையில் டீ ஆறிப்போகும். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கு காத்தவர். ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகக் கடுகு போன்ற ஈய ரவை அடைத்த தோட்டாக்களின் கதைதான் அவருக்குச் சோறு தண்ணீர். அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு காலத்தில் ரவை நிரப்பிய மரக்குண்டை ரைஃபிளில் போட்டுப் பறவை சுட்டுத் தின்றார்களாம். உலகப்போரில் காட்டில் விழுந்த விமானிகளின் கைத்துப்பாக்கிக்கும் ரவை போனதாம். பிறகு பாம்புக்கும் எலிக்கும் என்றே கடைக்கு வந்துவிட்டதாம்.

"ஆனா ஒண்ணுங்க, குழலுக்குள்ள ஸ்குரூ மாதிரி மரை இருக்குதுங்கல்ல? அது ரவையச் சுழட்டி உட்டுரும். தள்ளி நின்னு சுட்டா உளுந்தவடைதான். சுத்தியும் அடி, நடுவுல ஓட்டை. ஒரு பாம்பு அந்த ஓட்டைக்குள்ள நின்னு என்னையக் கும்பிட்டுட்டுப் போச்சு!"

கடையே சிரிக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கே சிரிப்பு வரவில்லை. கோழிப்பண்ணைத் தீவனக் கொட்டகையில், மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே அவர் மனைவி ஆராயி சுவரோடு சுவராக நின்றாள். காலுக்கு முன்னால் நாகம் படமெடுத்திருந்தது. கைலாசத்தின் கையில் லைசென்ஸ் ரிவால்வர், உள்ளே முழுக்குண்டுகள். சுட்டால் குண்டு பாம்பைத் துளைத்து ஆராயியிடம் போய்த்தான் நிற்கும். ஈய ரவையென்றால் அவ்வளவு துளைக்காது.

"ஆராயி, அசையாத." தலையைத் திருப்பாமல், வாசலில் நின்ற மருமகள் மோகனப்பிரியாவிடம் சொன்னார்: "அம்மிணி, ஊட்டுக்குள்ள ரவை டப்பா இருக்குது. ஓடிக் கொண்டா!"

அவள் ஓடினாள். நெருங்கினால் பாம்பு கொத்தும். தள்ளி நின்றால் வடை ஓட்டை. எங்கே நின்று சுடுவது? ஆராயியின் வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

"இந்தாங்க மாமா."

கனம் சரியில்லை. மூடியைத் திறந்தார். வறுத்த உப்புமா ரவை.

ஆராயி உதடு அசையாமல் கேட்டாள்: "ஏனுங்க, சுடப்போறீங்களா, கிண்டப்போறீங்களா?"

அவள் சேலைத் தலைப்பு நடுங்கியது. படம் பின்னுக்கு வளைந்தது. கொத்தப்போகிறது. கைலாசம் டப்பாவை அதன் பக்கவாட்டில் வீசினார். ரவை சிதறி டப்பா உருள, நாகம் திரும்பி அதைக் கொத்தியது. டங்! ஆராயி மூட்டை மேலேறி அவர் மேலேயே விழுந்தாள். நாகம் எலி வளைக்குள் நழுவியது.

"ரவையாலதாங்க சம்சாரத்தக் காப்பாத்துனேன்" என்கிறார் இப்போது டீக்கடையில். எந்த ரவை என்று சொல்வதில்லை. ஈய ரவை டப்பாவின் மேல் மோகனப்பிரியா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'உப்புமாவுக்கு ஆகாது.'