வேலாயுதத்துக்கு விரித்த இலை

வேலாயுதம் தன்னுடைய சாவுப் படையலைத் தானே தின்றான் என்று மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சண்டை முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன; பேச்சு மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு வருகிறது. ஒருவர் அவன் டுரியான் பழம் தின்றான் என்கிறார். இன்னொருவர் கூடவே மங்குஸ்தீனும் தின்றான் என்கிறார். பண்டார் ஹிலிரில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர், அவன் வாழை இலையையும் சேர்த்து மென்றதாகச் சத்தியமே செய்தார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளித் தோலைத் தின்று பிழைத்தவர் என்பதால் அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை போலும். சம்பவம் நடந்தபோது அவர் மூவாரில் இருந்தார் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் விவரமாகப் பேசக்கூடியவர்கள் இரண்டே பேர். படையல் போட்ட கமலவேணி ஒருத்தி. அப்போது தெருத் தலைவராக இருந்த தம்பிராஜா இன்னொருவர். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. ஆனால் தனித்தனியாகக் கேட்டபோது இருவரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பொய்யாக இருந்திருந்தால் இரண்டு கதை கிடைத்திருக்கும்.

வேலாயுதம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்த மாட்டுவண்டிக்காரன். காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, அதன் பிறகு நாள் முழுவதும் கள்ளுக்கடை. வண்டி எந்தப் பக்கம் போனாலும் மாடு அந்தக் கடை வாசலில் தானாக நின்றுவிடும். மனைவி அஞ்சலை காய்ச்சலில் இறந்துபோன சேதியைச் சொல்ல வந்தவனுக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பியவன் அவன். அதற்கப்புறம் முதலாளியின் மாட்டை விற்றுக் குடித்தான். பிறகு வண்டியை விற்றான். மிச்சம் இருந்தது நுகத்தடி. அதை விற்கப்போன இடத்தில்தான் பிடிபட்டான்.

சிறையிலிருந்து அவனை வெளியே எடுத்தவள் கமலவேணி, அஞ்சலையின் அக்காள். மலாக்காச் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழ் வணிகர் வம்சம். அவர்கள் வீட்டில் சாமிக்கும் ஆட்களுக்கும்தான் தமிழ்ப் பெயர், பேச்செல்லாம் மலாய். கமலவேணி தமிழைக் கற்றது தன் வீட்டில் தங்கிய குடிகாரர்களிடம். ஆகவே வசவுகளில் நல்ல தேர்ச்சி, மற்றவற்றில் சுமார்.

குடிகாரர்கள் அவள் வீட்டில் தங்கியதற்குக் காரணம் உண்டு. அவளுடைய புருஷனைச் சம்சுச் சாராயம் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து, குடித்துவிட்டுத் திருடியும் அடித்தும் உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது ஜாமீன் கையெழுத்துப் போடுவது, வீட்டின் பின்கட்டில் தங்கவைப்பது, குடியை மறக்கடிப்பது என்று அவள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். தெருவில் அதற்குக் குடிகாரச் சத்திரம் என்று பெயர். வைத்தியம் எளிமையானது. ஆளை உள்ளறையில் போட்டுப் பூட்டுவாள். நடுக்கம் வந்தால் போர்வை, வாந்தி வந்தால் சட்டி, கெஞ்சினால் வசவு. நடுக்கம் அடங்கியதும் கிணற்றடிக்கு அனுப்புவாள். வாளி நிறைய இறைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடுப்படி வரை கொண்டுவரவேண்டும். சிந்தினால் திரும்பவும் கிணறு. சிந்தாமல் என்றைக்கு வந்து சேர்கிறானோ அன்றைக்கு ஆள் குணம்.

ஜப்பான்காரன் வந்தான். ஊரின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஓடின; வயிறுகள் மட்டும் பழைய நேரத்துக்கே பசித்தன. முன்பு கிராணி என்ற குமாஸ்தா வேலை பார்த்த தம்பிராஜா தெருத் தலைவர் ஆனார். கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். தெருவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஓர் ஆள் குறைந்தால் அந்த இடத்தில் தலைவரே லாரி ஏறவேண்டும்.

குடிகாரர்களை ஜப்பான்காரன் எடுக்கவில்லை. சோற்றையும் தின்றுவிட்டு வழியிலேயே செத்துப்போகிறார்களாம். அதனால் திடலில் ஒரு சோதனை வைத்தான். கோப்பை நிறையத் தண்ணீர் கொடுத்துக் கையை நீட்டச் சொல்வான். தண்ணீர் சிந்தினால் வீடு. சிந்தாவிட்டால் சயாம்.

இது தெரியாமல்தான் கமலவேணி முதலில் பின்கட்டில் இருந்த சுப்பையனை அனுப்பினாள். குணமானவனுக்கு ஏதோ நற்சாட்சி கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கூடவே போய் நின்றாள். சுப்பையன் கோப்பையை நீட்டியபோது தண்ணீர் அசையக்கூட இல்லை. கமலவேணி கை தட்டினாள். தட்டிய கை ஓய்வதற்குள் அவனை லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவள் வளர்த்தது ஆள் அல்ல, சரக்கு என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகு அந்த வீட்டில் விசித்திரமான கெஞ்சல்கள் கேட்டன. "அக்கா, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன், என்னைக் குணமாக்கிடாதீங்க" என்று ஒருவன் அழுதான். அவனும் போனான். ஒவ்வொருவராகப் போனார்கள். மிச்சம் வேலாயுதம். மற்றவர்களைவிட மோசமான குடிகாரன் என்பதால் அவன்தான் கடைசியாகக் குணமானான். பல மாதமாக ஒரு சொட்டுக்கூடத் தொடாமல், வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வரும் அளவுக்குத் தேறிவிட்டான்.

தம்பிராஜாவுக்கு ஓர் ஆள் குறைந்தது.

கமலவேணி முந்திக்கொண்டாள். வேலாயுதம் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மண் சுமக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துவிட்டான், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி அழுதாள். அந்த வருடங்களில் யார் செத்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தம்பிராஜா கேட்டார்.

"பொணத்தையும் காணோம், புதைச்ச எடத்தையும் காணோம். நான் எப்படிக்கா நம்பறது?"

"நம்பாட்டி போ."

"கோவப்படாதீங்க. பார்ச்சு வருதுல்ல? அன்னைக்கு நான் வர்றேன். அவனுக்கு எலை போட்டீங்கன்னா நம்பறேன்."

பழங்கள் பழுக்கும் பருவத்தில் செட்டி வீடுகளில் நடக்கும் படையல்தான் பார்ச்சு. இறந்த சொந்தங்களுக்கு இலை விரித்து, பழங்களோடு அவரவருக்குப் பிடித்ததையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே இறந்தவர்கள் சாப்பிடுகிறார்கள். எட்டிப் பார்க்கக்கூடாது. உயிரோடிருப்பவனுக்கு இலை விரிப்பது அவன் உயிரைத் தன் கையால் எடுப்பதற்குச் சமம். எந்தச் செட்டிப் பெண்ணும் அதைச் செய்யமாட்டாள். தம்பிராஜா அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

கமலவேணி செய்தாள். சொந்தத் தங்கையின் இலைக்குப் பக்கத்தில் தங்கை புருஷனுக்கும் ஓர் இலை விரிக்கப்போவதாக அவனிடமே சொன்னாள்.

"போடுங்கக்கா" என்றான் வேலாயுதம். "பழத்தை மட்டும் நல்லதாப் பாத்துப் போடுங்க. செத்ததுக்கப்புறமும் மரவள்ளின்னா மனசு ஒடைஞ்சிடும்."

"டியாம், பேசாதே! வாயத் தெறந்தே, நெசமாவே எலை போட்டுடுவேன்."

ஒளித்துவைக்க அவள் தேர்ந்தெடுத்த இடம் படையல் அறையேதான். அங்கே பெரிய அரிசிப் பெட்டி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அரிசிப் பெட்டிகளில் அரிசியைத் தவிர எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வீட்டார் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. கதவைச் சாத்தியபின் வீட்டாரும் வைக்கக்கூடாது. வேலாயுதத்தை மடக்கி உள்ளே படுக்கவைத்து மூடியைப் போட்டாள்.

தம்பிராஜா வந்தார். அடுப்படியைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு தெருப் பெண்களோடு கூடத்தில் உட்கார்ந்தார். பழத் தட்டுகள் உள்ளே போயின. கடைசியாகக் கமலவேணி வேலாயுதத்தின் இலைக்கென்று ஒரு கிளாஸைக் கொண்டுபோனாள். தம்பிராஜா கையை நீட்டித் தடுத்து, மோந்து பார்த்தார்.

"என்னக்கா இது?"

"கள்ளு."

"கெழங்கு வேகவச்ச தண்ணி. செத்தவனையே ஏமாத்துறீங்களே!"

தன் பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். தெருத் தலைவருக்குக் கள் தட்டுப்பாடு கிடையாது. கிளாஸைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு விளிம்பு வரை ஊற்றினார். "எத்தனை நாள் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கான். இது என் பங்கு" என்றபோது அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. சீசாவில் பாதி மிச்சம் இருந்தது.

கமலவேணியால் மறுக்க முடியவில்லை. கிளாஸை இலையில் வைத்தாள். அரிசிப் பெட்டியைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் தெரிந்த சாமிகளை எல்லாம் விட்டுவிட்டு வேலாயுதத்தைத்தான் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள்.

கதவைத் திறந்தார்கள். பழங்கள் வைத்தபடியே இருந்தன. கிளாஸ் மட்டும் காய்ந்திருந்தது.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். "வந்துட்டான்! அவன்தான் வந்து குடிச்சிட்டுப் போயிருக்கான்!" தம்பிராஜாவின் முகம் வெளுத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து கைகூப்பினார். வேலாயுதம் தப்பித்துவிட்டான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும், தலைவர் எழுந்து போய்விடுவார், வேறெங்கேனும் ஆள் தேடுவார்.

"வேலாயுதம்," என்றார் தம்பிராஜா. "நீ செத்தது தெரியாம ஒன்னை சயாமுக்குப் புடிச்சுக் கொடுக்கப் பாத்தேன்டா. மன்னிச்சிடுடா." மிச்சமிருந்த சீசாவை இலைப் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அரிசிப் பெட்டிக்குள்ளிருந்து மிகவும் மரியாதையான ஒரு குரல் வந்தது.

"பரவால்லண்ணே. மூடியத் தொறந்து வச்சிட்டுப் போங்க."

ஆகவே ஊர்ப் பேச்சு பொய். வேலாயுதம் எதையும் தின்னவில்லை.

தம்பிராஜா தனியாக இருந்திருந்தால் ஒருவேளை கேட்காததுபோலப் போயிருப்பார். செத்தவனிடம் மன்னிப்புக் கேட்டவரை ஊர் மதிக்கும். அரிசிப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டவர் அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கமுடியாது. அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் வேலாயுதத்தை லாரி வரை கொண்டுபோய்விட்டது.

மறுநாள் திடல். வழி நெடுகக் கமலவேணி அவன் காதில் ஓதிக்கொண்டே வந்தாள். "கைய ஆட்டு. தண்ணியக் கொட்டு. நேத்து குடிச்சவன்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கொட்டினா வீட்டுக்கு வந்திடலாம்."

"சரிக்கா. கொட்டிடறேன்க்கா."

கொட்டத்தான் போனான். வரிசையில் நின்றபோது பழைய கள்ளுக்கடைக் கூட்டாளி நடராஜன் அவனைப் பார்த்துவிட்டான்.

"யாரு, மாட்ட வித்துக் குடிச்சவனா? நேத்து பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டுக் குடிச்சானாமே! டேய், இவன் கையிலயா தண்ணி நிக்கப்போவுது? தள்ளி நில்லுங்கடா, வேட்டி நனைஞ்சிடும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜப்பானிய டாக்டர் கோப்பையை நிரப்பி நீட்டினார்.

வேலாயுதம் வாங்கினான். கை நீண்டது. தண்ணீர் விளிம்பில் கண்ணாடிபோல நின்றது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். அது போதாதென்று அவன் கோப்பையோடு நடராஜன் பக்கம் திரும்பிக் காட்டினான். எல்லாப் பக்கமும் திரும்பிக் காட்டினான். பிறந்ததிலிருந்து யாரும் அவனை எதற்காகவும் மெச்சியதில்லை. கூட்டத்தில் கமலவேணியைத் தேடிப் பிடித்துக் கத்தினான்.

"பாத்தீங்களா அக்கா! ஒரு சொட்டு?"

"கொட்டுடா பொடோ, முட்டாளே! கொட்டித் தொலைடா!"

அவளிடமிருந்து வந்த தமிழெல்லாம் எப்போதும் வசவுதான். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்ததே இல்லை என்று தம்பிராஜாவும் சொன்னார்.

மலாக்காவின் தண்டவாளங்களை ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே ரயில் நிலையம் இருந்த தம்பின் ஊர் வரை லாரி. ஏறும்போது ஒரு சடங்கு நடந்தது. ஆள் கொடுத்த வீட்டுக்கு அன்பளிப்பாக இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு சாரோங் துணி கொடுப்பார்கள். தம்பிராஜா பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். கமலவேணியின் முறை வந்தபோது துணி தீர்ந்துவிட்டது.

"அடுத்த தடவை கட்டாயம் தர்றேன்க்கா" என்றார்.

அடுத்த தடவை கொடுப்பதற்கு அவள் வீட்டில் ஆள் இல்லை. வேலாயுதத்தைப் பற்றிச் சேதியும் இல்லை. அந்த லாரியில் போனவர்களில் யாரும் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லாததால் பார்ச்சில் அவனுக்கு இலை விரிப்பதா வேண்டாமா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். கமலவேணி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறாள்.

தம்பிராஜா இன்று கோயில் கமிட்டியில் பெரிய மனிதர். சண்டை முடிந்த முதல் தீபாவளிக்கே ஒரு சாரோங் வாங்கிக் கொடுத்தனுப்பினார். நல்ல துணி. திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த தீபாவளிக்கு அனுப்பினார், அதுவும் திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டார்.

"பட்ட கடன்க்கா. வாங்கிக்கிட்டா என் மனசு ஆறும்."

"ஆறவேணாம்" என்றாள் அவள். "நான் வாங்கினா, அவன வித்ததா ஆயிடும்."

சாரோங் தம்பிராஜாவின் அலமாரியில் அந்துருண்டை போட்டு மடித்து வைத்திருக்கிறது. சும்மாதானே கிடக்கிறது, நான் உடுத்திக்கொள்கிறேனே என்று மனைவி கேட்டதற்கு, அது நம்மதில்லை என்று எரிந்து விழுந்தாராம். இந்தத் தீபாவளிக்கும் கொடுத்தனுப்பினார். மடிப்புக் கலையாமல் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தது.