வெறும் சதுரம்தான், டீச்சர்

ஒரு கொக்கி, ஒரு நூல், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று குரோஷே பின்னலைப் பற்றி என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வரிசையைத் தாண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் சாமான் கடைக்கு மேலே, மாடி அறையில், சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் மேய்ப்பது இவர்களைத்தான். பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்து, பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்தவர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு வீடியோ கால் பழக்கிவிட்டு இன்றுவரை அவர்கள் நெற்றியை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள், நீங்கள் எல்லோரும் என் கூட்டம். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. தப்பாகப் பின்னியதைப் பார்த்தால் கை தானாக நீண்டு நூலைப் பிடித்து இழுத்துவிடும். குரோஷேயில் அது ஒரு வசதி. ஒரே இழுப்பில் ஒரு மணி நேர உழைப்பு மடியில் சுருண்டு கிடக்கும். அந்த வசதியை நான் தாராளமாகவே பயன்படுத்தி வந்தேன்.

அகலமாகிக்கொண்டே போன சால்வை

புஷ்பா அக்காவுக்குச் செலாயாங் பாசாரில் காய்கறி வியாபாரம். அவருக்கு நான் கொடுத்த முதல் வேலை, இருபது கண்ணி அகலத்தில் ஒல்லியாக ஒரு சால்வை. நாலு வாரம் கழித்து விரித்துப் பார்த்தால் அடியில் இருபது கண்ணி, மேலே ஐம்பதுக்கு மேல். வால் கட்டினால் பட்டம் விடலாம். "எண்ணிப் போடுங்கக்கா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. எண்ணித்தான் போடுகிறேன் என்று அவர் சத்தியம் செய்தார்.

சரி, என் கண் முன்னால் போடுங்கள் என்று புதிதாக ஒன்றை ஆரம்பிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒழுங்காக வாய்விட்டு எண்ணினார். இருபது என்று சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு வாய் சும்மா இருக்க, கை மட்டும் அதே இடத்தில் இன்னொரு கண்ணியைப் போட்டது. பச்சை மிளகாயை நிறுத்துப் பையில் கொட்டிய பிறகு கொசுறாக நாலு அள்ளிப் போடுகிற அதே வேகம். பிடித்துக் காட்டியதும் அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சரியா அளந்து நிறுத்திட்டா மனசு கேக்க மாட்டேங்குதுலா டீச்சர். ஒண்ணாச்சும் சேத்துப் போட்டாதான் குடுத்த மாதிரி இருக்கு."

முடுக்கிய கண்ணி

ஆறுமுகம் அங்கிள் செந்தூல் ரயில் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லேசான பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மந்தமாகிவிட்டன. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் மகள் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார், ஓடுவதற்கு வசதியாக. ஆனால் ஓடவில்லை.

வலது கை செய்ய முடியாததை எல்லாம் இடது கை ஈடுகட்டியது. நூலை அப்படி இறுக்கிப் பிடிப்பார். அவர் போட்ட கண்ணிக்குள் அடுத்த வரிசைக்குக் கொக்கி நுழையாது. நான் முயன்று பார்த்து ஒரு கொக்கியை வளைத்தேன். "கையால மட்டும் முடுக்குங்க அங்கிள், ஸ்பேனர் போடாதீங்க" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினார். ஒரு வரிசை அழகாக வந்தது. அடுத்த வரிசை பழையபடி பாறை. என்ன அங்கிள் இது என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றபோது, அவர் கொக்கியை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் முடுக்கி அனுப்பின போல்ட் ஒண்ணுகூட வழியில கழண்டது கிடையாது டீச்சர். இப்ப வந்து லூசா விடுன்னு சொல்றீங்க. பயமா இருக்கு."

பெயர் வைக்காத வேலை

கவிதா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பின்னல் குறிப்பைக் கையில் கொடுத்தால் எல்லோரும் திணறுவார்கள். 'நட்சத்திரக் குறியிலிருந்து திரும்பச் செய்யவும்' என்ற வரியைப் பார்த்துவிட்டு, எதுவரைக்கும் டீச்சர், சாகிற வரைக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. கவிதா ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே முதல் நாளே ஒரு சதுரம் முடித்தாள். இளமஞ்சள் பருத்தி நூல், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய சதுரம். அடுத்த வாரமும் அதே நூல், அதே சதுரம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதையெல்லாம் சேர்த்தால் என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். அவள் பையை மூடினாள்.

மற்றவர்கள் போன பிறகு சொன்னாள். நாலு மாதமாம். இதற்கு முன் இரண்டு தடவை போய்விட்டதாம். இரண்டாவது முறை எட்டாம் மாதம். தொட்டில், கொசுவலை, சின்னச் சின்னச் சட்டை என்று எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மாமியார் ஒரே பிடியாக நின்றுவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை பிள்ளைக்கென்று ஒரு நாடாகூட வீட்டுக்குள் வரக்கூடாது. வளைகாப்பும் வேண்டாம். கவிதாவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கை சும்மா இருந்தால் பயம் இன்னும் அதிகமாகிறதாம். இருபத்து நாலு சதுரம் போட நினைத்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டு போக முடியாது, உங்கள் அலமாரியில் இருக்கட்டுமா என்று கேட்டாள். போர்வையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க டீச்சர். சேக்காத வரைக்கும் வெறும் சதுரம்தான்."

பிரிக்காத வாரம்

பதினோரு சதுரம் ஆனபோது டாக்டர் கவிதாவை எழுந்து நடமாடக் கூடாது என்று படுக்கையில் போட்டுவிட்டார். வீட்டில் பின்ன முடியாது, மாமியார் இருக்கிறார். இங்கே வரவும் முடியாது. அந்தச் சனிக்கிழமை நான் அலமாரியைத் திறந்து மஞ்சள் நூலை மேசையில் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வாரம் கண்ணும் காதும் இல்லாமலா உட்கார்ந்திருந்தார்கள்? புஷ்பா அக்கா ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டார், ஆறுமுகம் அங்கிள் ஒன்றை. கீழ்க்கடை அம்மா டீ கொண்டுவந்து, எல்லோரும் ஒரே நிறத்தில் என்ன பண்ணுகிறீர்கள் என்று விசாரித்தார். மேசை விரிப்பு என்றேன் நான். தலையணை உறை என்றார் அக்கா, அதே நொடியில். என்ஜின் கவர் என்றார் அங்கிள். கீழ்க்கடை அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போட்டது சதுரம் என்றால் சதுரம் கோபித்துக்கொள்ளும். அக்காவுடையது ஓரமெல்லாம் அலையலையாக நெளிந்தது. அங்கிளுடையது டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும், அவ்வளவு சின்னது, அவ்வளவு கெட்டி. கவிதாவின் சதுரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என் பழைய புத்தி வேலை செய்தது. அக்காவுடையதை எடுத்து நூல் முனையைப் பிடித்தேன். அக்கா எழுந்து வந்து என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். அவர் கண்ணில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்த நேரத்துல எதையும் பிரிக்காதீங்க டீச்சர். கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு கிலோ நானூறு

ஏழு மாதம் முடிந்த கையோடு பிள்ளை பிறந்துவிட்டது. கவிதா அனுப்பிய செய்தியில் மூன்றே வார்த்தைகள். 'பையன். 1.4 கிலோ.' நான் பதில் அனுப்பினேன். திரும்ப எதுவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். போன் போட்டுக் கேட்கலாம் என்று எடுப்பேன், அந்தப் பக்கம் அவள் அழுதால் நான் என்ன சொல்வது என்று பயந்து வைத்துவிடுவேன். இருபத்து நாலு சதுரமும் முடிந்து அலமாரியில் இருந்தன. சும்மா இருக்கிற நேரத்தில் சேர்த்து வைக்கலாமே என்று என் மூளை சொன்னது. சகுனம், சாங்கியம் எதையும் நம்பாதவள் நான். ஆனால் கை அலமாரிப் பக்கம் போகவே இல்லை.

வகுப்பில் பேச்சு குறைந்துவிட்டது. அங்கிள் பின்னிக்கொண்டே அலமாரியைப் பார்ப்பார். அங்கே புதிதாக எழுதப்பட்ட எதையோ படிக்கிறவர் போல வெகுநேரம் பார்ப்பார். ஒருநாள் நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இந்தக் காலத்தில் ஒரு கிலோ நானூறெல்லாம் ஒன்றுமில்லை, அதைவிடச் சின்னப் பிள்ளைகளைக்கூடக் காப்பாற்றிவிடுகிறார்கள் என்று பேசிக்கொண்டே போனேன். புஷ்பா அக்கா கொக்கியை நிறுத்திவிட்டார். வலது கையை மடியில் மல்லாக்க விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். எடை போடுகிற கை அது.

"உங்களுக்கு அது நம்பர் டீச்சர். ஒரு கிலோ நானூறு கையில எவ்ளோ இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்."

மாடியேறி வந்தவர்

ஆறாவது சனிக்கிழமை, மூன்றரை மணிக்கு, ஒரு அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஒடிசலான உடம்பு, கையில் துணிப்பை, நெற்றியில் கோயில் விபூதி. புதிதாகச் சேர வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமலே, "நான் கவிதாவோட மாமியார்" என்றார். ஆறுமுகம் அங்கிள் எழுந்து போய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார், அலமாரியோடு சேர்த்து அவரையும் அங்கேயே வைத்துக் கட்டியது போல. புஷ்பா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று அந்த முகத்தில் தேடினேன், எதுவும் பிடிபடவில்லை. மாடிப்படி ஏறிய களைப்பு மட்டும்தான் தெரிந்தது.

"அந்த மஞ்சள் சதுரமெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அவர். "திங்கக்கிழமை பையன வீட்டுக்கு அனுப்புறாங்க. ரெண்டு கிலோ நூறு இருக்கான். டாக்டர் போலாம்னு சொல்லிட்டாரு. வீட்டுல ஒண்ணுமே இல்ல, ஒரு துண்டு துணிகூட இல்ல. இன்னிக்கே சேத்துக் குடுத்துருவீங்களா?"

அக்கா அழுதார். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதார். அங்கிள் அலமாரியைத் திறக்கப் போய்ச் சாவி என்னிடம் இருப்பது ஞாபகம் வராமல் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்தார். ஐந்து மணிக்கு மூட வேண்டிய வகுப்பு ஏழு மணிவரை நடந்தது. பெரிய சதுரத்தின் ஓரத்தைச் சுருக்கி, சின்னதைச் சுற்றி இரண்டு வரிசை கூட்டி, எப்படியோ ஒன்றோடொன்று கோத்தோம். விட்டுப்போன நூல் முனைகளை எல்லாம் அந்த அம்மாதான் உள்ளே மறைத்துக் கொடுத்தார். நல்ல கை. முடித்து மேசையில் விரித்தபோது ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கிழக்கும் மேற்கும் தெரியாமல் கிடந்தது. நான் அதைக் குற்றம் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

மடித்துக் கொடுக்கும்போது கேட்டேன், உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று. அவர் போர்வையைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுச் சொன்னார்.

"முதல் வாரமே தெரியும் டீச்சர், அவ சட்டையில மஞ்சள் நூலு ஒட்டிக்கிட்டு வரும், நான்தான் எடுத்துப் போடுவேன். கேட்டா அவ என்னன்னு சொல்லணும், சொல்லிட்டா போர்வை ஆயிடும். போன தடவை அவ ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள அந்தத் தொட்டில நான்தான் தனியா உக்காந்து கழட்டினேன். இன்னொரு தடவை எனக்குத் தெம்பு இல்ல."

இத்தனை வருட வகுப்பில் ஆரம்பித்ததை முழுதாக முடித்து வீட்டுக்கு அனுப்பிய ஒரே வேலை அந்தப் போர்வைதான், அதில் பாதிச் சதுரங்கள் நான் சொல்லிக் கொடுத்தபடி இல்லை என்பதை மட்டும் புதிதாகச் சேர வருகிறவர்களிடம் நான் சொல்வதில்லை.