எதிர்க்கரைப் பாறையில் நின்றவள்

கொரோனா வந்த வருஷம் அப்பா திருப்பூரிலிருந்து பாதி வழி லாரியிலும் மீதி வழி நடந்துமாக மலையேறி வந்தார். ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். “கொல்லையில போய் இருங்க. அரிசி பருப்பு வரப்புல கொண்டாந்து வெக்கிறோம்” என்று ஊர்க்காரர்கள் தள்ளி நின்றே சொல்லிவிட்டார்கள். ஏழு மாத வயிற்றோடு இருந்த அம்மா, அவரைத் தனியே விட மனமில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு சாமைக் கொல்லையின் கொட்டகைக்குப் போனாள். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் கிடையாது, நாள் முழுக்க வெளியில்தான். இதைவிட நல்ல நோய் வராது என்று நினைத்தேன்.

கொல்லைக்குக் கீழே ஓடை. அக்கரையில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவின் ஊர். யாரும் ஓடையைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் சாயங்காலமானால் சின்னம்மா அந்தப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்று கத்துவாள். “அக்கா, துன்னியா? கொழந்த உதைக்குதா?” மலையும் அதையே ஒருமுறை கேட்கும். அம்மா சிரித்துக்கொண்டே பதில் கத்துவாள். நான் துண்டை ஆட்டுவேன்.

பிறகு சில நாட்கள் பாறை வெறுமையாக இருந்தது. மறுபடி சின்னம்மா வந்தபோது அவள் எப்போதும் கட்டும் மஞ்சள் புடவை, முக்காடு, வாயை மூடிய துணி. ஆனால் கத்தவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

“தொண்ட கட்டிக்கிச்சாம். போன்ல சொன்னாங்க” என்றார் அப்பா. மேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். அவர்தான் தினமும் போய்வருவார்.

நான் கூப்பிட்டேன். மலை மட்டும் பதில் சொன்னது. பனி இறங்கிப் பாறையை மறைத்தது. விலகியபோது அவள் அசையாமல் அதே இடத்தில் நின்றிருந்தாள். என் சின்னம்மாவுக்கு ஒரு நிமிஷம் சும்மா நிற்க வராது.

“அது சின்னம்மா இல்லப்பா” என்று மெதுவாகச் சொன்னேன்.

அப்பா என் கையை இறுகப் பிடித்தார். “அம்மா காதுல வுழற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லாத.”

இல்லை என்று அவர் மறுக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படியானால் அது என்ன? அதன் பிறகு நான் கொட்டகைக்குள் இருந்து ஓலை இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அம்மாவோ தினமும் அதோடு பேசினாள். கஞ்சி குடி என்பாள், தலைக்கு எண்ணெய் வை என்பாள். அது கேட்டுக்கொண்டு நிற்கும்.

தம்பி பிறந்து வெகு நாள் கழித்துத்தான் அப்பா சொன்னார். பாறை வெறுமையாக இருந்த அந்த நாட்களில் சின்னம்மா கொரோனா வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே இறந்துபோயிருந்தாள். உடம்பைக்கூட மலைக்குக் கொண்டுவர முடியவில்லை. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக்கூடாது என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அதனால் சின்னம்மாவின் மகளிடம், என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவிடம், அப்பா கெஞ்சியிருக்கிறார். அவள் செத்துப்போன தாயின் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். தன் ஏற்பாடு கடைசிவரை பலித்தது என்றுதான் அப்பா இன்றும் நம்புகிறார்.

எனக்கு வேறொன்று நினைவிருக்கிறது. அம்மாவுக்கு வலி எடுப்பதற்கு முந்தைய சாயங்காலம், பாறையில் நின்ற உருவம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. அப்பா மேட்டில் இருந்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடை வரைக்கும் இறங்கிப் போனாள்.

“அழாத கண்ணு” என்றாள் அம்மா. “பனி எறங்குது, வூட்டுக்குப் போ. போய் அப்பாவுக்குச் சோறு போடு. நீயும் துன்னு.”

சின்னம்மாவின் அப்பா என்றால் என் தாத்தா; அவர் நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். பேயோடு பேசிப் பேசி அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, நான் கொட்டகை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.